பதின்வயதுப் பிள்ளைகளோடு அரசியல் வன்முறையைப் பேசுவது எப்படி: மணியாச்சியிலிருந்து தொடங்கும் ஒரு வழிகாட்டி

கோவில்பட்டிப் பக்கம் ஒரு நூலகத்தில், சனிக்கிழமை மாலைகளில், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுகிற வேலையைச் சில வருடங்களாகச் செய்கிறேன். அரசியல் கொலை, துப்பாக்கிச் சூடு, கலவரம் என்று பேச்சு வந்தால், புதிதாக வரும் தன்னார்வலர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். முதல் கேள்வியாகவே "இது சரியா, தவறா?" என்று கேட்டுவிடுகிறார்கள்.

கேட்ட நிமிடமே அறை இரண்டாகப் பிரிந்து பட்டிமன்றம் ஆகிவிடும். நம் பிள்ளைகளுக்குப் பட்டிமன்றம் கைவந்த கலை, எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசுவார்கள். இல்லையென்றால் எல்லோரும் சேர்ந்து "வன்முறை எதற்கும் தீர்வாகாது" என்று ஐந்து மதிப்பெண் விடையை ஒப்பித்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். இரண்டிலுமே யாரும் யோசிப்பதில்லை. கீழே உள்ள வரிசை முழுவதும் அந்த ஒரு கேள்வியைத் தள்ளிப்போடுவதற்கானது.

1. தொடங்குமுன் செய்ய வேண்டியவை

பன்னிரண்டு முதல் பதினைந்து பிள்ளைகள் போதும். அதற்கு மேல் போனால் நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் பார்வையாளர்கள். ஒரு நிகழ்வுக்கு ஒன்றரை மணி நேரம் வீதம் இரண்டு அமர்வுகள் வேண்டும். ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் காரணங்களைப் பேசி முடிக்கும்போது மணி அடித்துவிடும். பிள்ளைகள் பாதிக் கதையோடு வீட்டுக்குப் போவார்கள்.

பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், எந்த நிகழ்வு என்பதையும் சேர்த்து. "இன்னைக்கு ஒரு கொலையைப் பத்திப் பேசினோம்" என்று பிள்ளை சாப்பிடும்போது சொல்லி, அப்பாவுக்கு அதுதான் முதல் தகவல் என்றால், அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வராது.

அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். இதில் நான் தவறியிருக்கிறேன். 2018 தூத்துக்குடி போலீஸ் துப்பாக்கிச் சூட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு மாலையில் ஒரு பெண் மட்டும் நோட்டில் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டே இருந்தாள். அவள் அப்பா போலீஸ் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். இரண்டு வாரம் அவள் வரவில்லை. அவள் வந்திருப்பதால் தலைப்பை மாற்ற வேண்டும் என்பதில்லை. முன்பே தனியாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வருவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்திருப்பாள்.

இதே போல, இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் பிள்ளையைப் பார்த்து "நீ சொல்லும்மா, உங்க வீட்டுல என்ன நடந்துச்சு?" என்று கேட்காதீர்கள். அந்தப் பிள்ளை படிக்க வந்திருக்கிறது, சாட்சி சொல்ல வரவில்லை. தானாகச் சொன்னால் கேளுங்கள்.

விதிகள் மூன்று போதும். போன்கள் மேசை டிராயருக்குள், பதிவு கிடையாது. அறையில் இருக்கும் யாரையும் கட்சி, சாதி சொல்லி அடையாளப்படுத்தக் கூடாது. யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் எழுந்து வெளியே போகலாம். மூன்றாவதுதான் முக்கியம். வாசல் திறந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் உள்ளே இருப்பவர்கள் நிம்மதியாகப் பேசுவார்கள்.

2. முதல் நிகழ்வைத் தேர்ந்தெடுப்பது

இந்த வாரம் டிவியில் ஓடும் சம்பவத்தை எடுக்காதீர்கள். அதில் தகவல்கள் இன்னும் கலங்கிய குட்டையாக இருக்கும். பிள்ளைகள் ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் பக்கம் எடுத்திருப்பார்கள். எங்கோ தூர தேசத்துச் சம்பவமும் வேண்டாம். தங்களுக்கு எந்த ஒட்டும் இல்லாத இடத்தில் எல்லோரும் நல்ல நீதிபதிகள்.

நான் எப்போதும் ஆஷ் கொலையிலிருந்து தொடங்குகிறேன்: 1911இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்ற சம்பவம். எங்கள் ஊரிலிருந்து மணியாச்சி ரயிலில் சுமார் அரை மணி நேரம். வாஞ்சி மணியாச்சி என்ற பெயர்ப் பலகையைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். வாஞ்சிநாதன் அவர்களுக்குப் பாடப்புத்தக வீரர். "கெட்டவன் கொன்றான்" என்ற சுலப வழி அதனால் அடைபட்டிருக்கிறது. நூறு வருடத்துக்கு மேல் ஆனதால் யார் வீட்டிலும் புண் ஆறாமல் இருக்காது. வழக்கு நடந்து ஆவணங்களும் இருக்கின்றன.

உங்கள் ஊருக்கு வேறு நிகழ்வு பொருந்தலாம். பழையதாக, பக்கத்தில் நடந்ததாக, பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ஓர் அபிப்பிராயம் இருப்பதாக, ஆவணங்கள் கிடைப்பதாக இருக்க வேண்டும்.

3. நடந்ததை மட்டும் கரும்பலகையில் எழுதுங்கள்

பலகையை மூன்றாகப் பிரியுங்கள்: தெரிந்தது, சொல்லப்படுவது, நான் நினைப்பது. பிள்ளைகள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். எந்தப் பத்தியில் எழுதுவது என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

தெரிந்தது என்ற பத்தியில் வந்து நிற்பவை ஏறக்குறைய இவை. 1911 ஜூன் 17 காலை. திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், மனைவியோடு, கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார். மணியாச்சியில் முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறார். செங்கோட்டையைச் சேர்ந்த, புனலூரில் வனத்துறை வேலை பார்த்த, 25 வயது வாஞ்சிநாதன் அவரைச் சுடுகிறார். பிறகு பிளாட்பாரத்துக் கழிவறைக்குள் ஓடித் தன்னையே சுட்டுக்கொள்கிறார். சட்டைப்பையில் ஒரு கடிதம் இருக்கிறது.

இரண்டாவது பத்தியில்தான் வேலை அதிகம். யாராவது ஒருவர் நிச்சயம் அந்தக் கதையைச் சொல்வார்: பிரசவ வலியில் துடித்த ஒரு தாழ்த்தப்பட்ட பெண்ணை ஆஷ் அக்ரகாரம் வழியாக வண்டியில் அனுப்பினார், அந்தக் கோபத்தில்தான் கொலை நடந்தது என்று. பேஸ்புக்கில் பல வருடமாகச் சுற்றுகிற கதை. நான் பார்த்த எந்தப் பதிவிலும் அது நடந்த தேதியோ, அந்தக் காலத்து ஆவணமோ இல்லை. "பொய்" என்று நீங்கள் அறிவித்துவிடாதீர்கள். "இதை நாம் எதை வைத்துத் தெரிந்துகொண்டோம்?" என்று கேளுங்கள். பதில் வராது. அது இரண்டாவது பத்தியிலேயே இருக்கட்டும்.

அடுத்து கடிதம். மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் இந்திய மண்ணில் கால் வைத்ததும் கொல்வதாக மூவாயிரம் மதராசிகள் சபதம் எடுத்திருக்கிறோம் என்கிறது அது. ஆஷ் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 14 பேர். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ஒருமுறை பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சார், நம்ம ஊர் மாநாட்டுப் போஸ்டர் மாதிரி இருக்கு" என்றான். நான் அரை மணி நேரம் விளக்கியிருந்தாலும் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

இங்கே வழக்கமான தவறு, அமைப்பாளரே எல்லாத் தகவலையும் சொல்லி முடித்துவிடுவது. அப்படிச் செய்தால் மூன்றாவது பத்தி காலியாகவே இருக்கும். தாங்கள் நினைப்பதும் தெரிந்ததும் வேறு என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கும் வாய்ப்பே வராது.

4. சொற்களைப் பிரித்துப் பாருங்கள்

நான் அதிக நேரம் செலவழிக்கும் படி இது. தமிழில் ஒரு வசதி இருக்கிறது: வினைமுற்றே பக்கம் எடுத்துவிடும். பிள்ளைகளை அந்தச் சம்பவத்தை ஐந்து வரியில் எழுதச் சொல்லுங்கள். பிறகு வினைமுற்றுகளுக்கு மட்டும் அடிக்கோடு போடச் சொல்லுங்கள்.

பெரும்பாலான நோட்டுகளில் வாஞ்சிநாதன் "சுட்டார்", "வீரமரணம் அடைந்தார்". ஆஷ் "வந்தான்", "உட்கார்ந்திருந்தான்", "செத்தான்". அதே ரயில், அதே நிமிடம், ஒருவருக்கு ஆர் விகுதி, இன்னொருவருக்கு ஆன் விகுதி. தீர்ப்பு எப்போதோ எழுதப்பட்டுவிட்டது, எழுதியவருக்கே தெரியாமல். இப்போது விகுதிகளை மாற்றிப் படிக்கச் சொல்லுங்கள். சிலர் சிரிப்பார்கள், சிலருக்குக் கோபம் வரும். இரண்டும் நல்லதுதான். "மாற்றினால் ஏன் உறுத்துகிறது?" என்று மட்டும் கேளுங்கள்.

அடுத்தது, எட்டாம் வகுப்பிலேயே படித்த செய்வினை, செயப்பாட்டுவினை. "துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் பலி" என்று ஒரு தலைப்பு. சுட்டது யார்? வாக்கியத்தில் ஆளே இல்லை. எழுவாயைக் கண்டுபிடித்துச் செய்வினையாக மாற்றச் சொல்லுங்கள். "போலீசார் சுட்டதில் 13 பேர் இறந்தனர்" என்று மாறும்போது அடுத்த கேள்வி தானாக வரும்: சுடச் சொன்னது யார்? இலக்கணப் பயிற்சியாகத் தொடங்கியது பொறுப்பைப் பற்றிய விசாரணை ஆகிவிடும்.

பிறகு பெயர்ச்சொற்கள். மோதல், கலவரம், தாக்குதல், படுகொலை, என்கவுண்டர், களப்பலி. போராளி, தீவிரவாதி, பயங்கரவாதி, தியாகி. ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டியது இதுதான்: இந்தச் சொல் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது? உதாரணத்துக்கு, "மோதல்" என்றால் இரு தரப்பும் ஏறக்குறைய சம பலத்தோடு நின்றார்கள் என்று பொருள் வந்துவிடும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதற்கு அந்தச் சொல் பொருந்துமா என்று கேட்டால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. "நடுநிலையான சொல்லைக் கண்டுபிடிப்போம்" என்று கிளம்பாதீர்கள். எல்லாக் காரத்தையும் எடுத்துவிட்டால் நடந்ததே தெரியாமல் போகும் சொற்களும் உண்டு. படுகொலையைச் சம்பவம் என்று சொல்வதும் பக்கம் எடுப்பதுதான்.

5. காரணத்தையும் நியாயத்தையும் தனித்தனியே வையுங்கள்

"அவன் ஏன் செய்தான்?" என்று கேட்டால் பிள்ளைகள் நியாயம் பேசத் தொடங்குவார்கள், அல்லது நியாயப்படுத்திவிடுவோமோ என்று பயந்து வாயை மூடிக்கொள்வார்கள். வீட்டு உதாரணம் உதவும். மழை பெய்ததால் வழுக்கி விழுந்தேன் என்றால் அது காரணம். மழை பெய்ததால் தம்பியைத் தள்ளிவிட்டேன் என்றால்? வகுப்பு சிரிக்கும், வித்தியாசம் விளங்கிவிடும்.

அப்புறம் காரணங்களை அடுக்குங்கள். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி நசுக்கப்பட்டது. 1908 மார்ச்சில் அவர் கைதானதும் திருநெல்வேலியில் கலவரம் வெடித்து, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். அப்போது ஆஷ் தூத்துக்குடியில் அதிகாரி. வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது; மேல்முறையீட்டில் குறைந்தாலும் 1911இல் அவர் இன்னும் சிறையில்தான் இருந்தார்.

இவற்றோடு கடிதம் சொல்லும் காரணத்தையும் சேர்த்தே வையுங்கள். சனாதன தர்மத்தை ஆங்கிலேயர் மிதிக்கிறார்கள், பசு மாமிசம் தின்னும் மிலேச்சனுக்கு முடிசூட்டப் போகிறார்கள் என்பது அதன் மொழி. பாடப்புத்தக வீரருக்குள் இன்னொரு மனிதரும் இருப்பதைப் பார்த்துச் சில பிள்ளைகள் திகைப்பார்கள். "அப்போ அவர் தியாகி இல்லையா?" என்று கேட்பார்கள். பதில் சொல்லாதீர்கள். ஒருவருக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க வேண்டுமா என்று திருப்பிக் கேளுங்கள். தேசம், மதம், பழிவாங்கல், இளமை, ஓர் அமைப்பு கொடுத்த தைரியம் என்று எல்லாம் ஒரே சட்டைப்பையில் இருக்க முடியும்.

6. துப்பாக்கிக்கு முன்னும் பின்னும் இருந்தவர்கள்

இந்தக் கேள்வியை நான் திட்டமிட்டு வைத்ததில்லை, ஒரு பிளஸ் ஒன் மாணவி கேட்டுத்தான் வந்தது: "சார், பக்கத்துல உக்காந்திருந்த அவர் சம்சாரம் என்ன பண்ணாங்க?" அதற்கு முன் பலமுறை இந்த அமர்வை நடத்தியிருந்தும் அந்த அம்மாவைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. செங்கோட்டையில் வாஞ்சிநாதனின் மனைவியும் இருந்தார்.

இப்போது இதை ஒரு படியாகவே வைத்திருக்கிறேன். சம்பவத்தால் வாழ்க்கை மாறிய எல்லோரையும் பட்டியல் போடுங்கள். குறைந்தது பத்துப் பேர் வரும் வரை விடாதீர்கள். ஸ்டேஷன் ஊழியர், பிறகு கைதானவர்களின் குடும்பங்கள், புதுச்சேரியில் இருந்துகொண்டு இன்னும் இறுகிய கண்காணிப்பில் சிக்கிய பாரதி போன்றவர்கள். பட்டியல் நீளும்போதுதான், இரண்டு பேர் கதையாகத் தெரிந்தது ஊர்க் கதையாக மாறும்.

7. வேறு வழிகள் இருந்தனவா?

"பேசித் தீர்த்திருக்கலாம்" என்பது சோம்பேறி விடை. யாரோடு, எந்த மேசையில்? அந்த வருடத்தில் எந்தக் கதவு திறந்திருந்தது, எது மூடியிருந்தது, மூடியது யார் என்று கேளுங்கள். கப்பல் கம்பெனி, 1908இல் தூத்துக்குடி கோரல் நூற்பாலை (கோரல் மில்) வேலைநிறுத்தம், பத்திரிகை, நீதிமன்றம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். கோரல் மில் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு கிடைத்தது என்ற தகவல் இந்த இடத்தில் கனமானது. கத்தியும் துப்பாக்கியும் இல்லாமல் ஒன்று நடந்திருக்கிறது. ஆனால் அடுத்த சில நாட்களிலேயே அதன் தலைவர்கள் உள்ளே போனார்கள். இரண்டையும் சொல்லுங்கள்.

8. அதே அளவுகோலை வேறு நிகழ்வில் வையுங்கள்

இரண்டாவது நிகழ்வை எடுக்கும்போது பக்கம் மாற வேண்டும். முதலில் தனிமனிதர் அரசைச் சுட்டார் என்றால், அடுத்து அரசு மக்களைச் சுட்டது.

2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் ஆலையை மூடக் கேட்டு நூறாவது நாள் ஊர்வலம். கலெக்டர் அலுவலக வளாகத்தில் வாகனங்கள் எரிந்தன; துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 பேர் உயிர் போனது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது; போலீஸ் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்க அது பரிந்துரைத்தது. இங்கே பிள்ளைகள் மூன்று முதல் ஏழு வரையுள்ள படிகளைத் தாங்களே நடத்தட்டும். நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள்.

கீழ்வெண்மணி இன்னும் கடினம். கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. முதல் குற்றவாளியாகச் சொல்லப்பட்டவர் 1980இல் வெட்டிக் கொல்லப்பட்டார். இதைச் சொன்னதும் வகுப்பில் கைதட்டல் வரும், எனக்கு ஒவ்வொரு முறையும் வந்திருக்கிறது. அதட்டாதீர்கள். மணியாச்சிப் பலகையில் எழுதிய அதே கேள்விகளை எடுத்து வையுங்கள். கைதட்டியவர்களில் சிலர் தங்கள் கைதட்டலைத் தாங்களே விசாரிக்கத் தொடங்குவார்கள். சிலர் மாட்டார்கள். அவர்களிடமும் வாதம் இருக்கிறது, கேளுங்கள்.

ஸ்ரீபெரும்புதூர், 1991 மே 21, கடைசியில்தான். அன்று ராஜீவ் காந்தியோடு பணியில் இருந்த போலீஸ்காரர்களும் கூட்டத்தில் நின்றவர்களும் இறந்தார்கள். அதற்கு முன்னால் இலங்கையில் இந்திய அமைதிப்படை இருந்த வருடங்கள் இருக்கின்றன. பின்னால் முப்பது வருடச் சிறையும் 2022 விடுதலைகளும் இருக்கின்றன. நான்கைந்து அமர்வுகள் ஒன்றாக உட்கார்ந்த குழு மட்டுமே இதைத் தாங்கும். புதுக் குழுவோடு இதை எடுத்து நான் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டேன்.

9. போனில் வரும் வீடியோ

யார் எடுத்தது, எப்போது எடுத்தது, தொடங்குவதற்கு முந்தைய பத்து விநாடியில் என்ன நடந்திருக்கும்? மூன்று கேள்விதான். ரத்தம் தெரியும் வீடியோவை வகுப்பில் காட்டவே வேண்டாம். பார்த்த பிறகு யாரும் யோசிப்பதில்லை, பார்த்ததையேதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

10. ஒரு பிள்ளை "வெட்டணும் சார்" என்றால்

சொல்வார்கள். பெரும்பாலும் அது கோபம், சினிமா, பக்கத்துப் பையன் முன்னால் ஒரு கெத்து. "யாரை? அப்புறம்? அதுக்கடுத்த நாள்?" என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டே போங்கள். மூன்றாவது கேள்வியில் பேச்சு இறங்கிவிடும்.

இறங்காவிட்டால், குறிப்பிட்ட ஓர் ஆளின் பெயர் வந்தால், ஆயுதம் பற்றிய பேச்சு வந்தால், அது கலந்துரையாடல் அல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்த பையன்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. "உங்களை நம்பிச் சொன்னேன்" என்று பிள்ளை சொன்னாலும் ரகசியம் காக்காதீர்கள். இதை முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்க வேண்டும். பெற்றோர், தலைமையாசிரியர், தேவைப்பட்டால் 1098 குழந்தைகள் உதவி எண். அந்தப் பிள்ளையிடமும் யாரிடம் சொல்லப்போகிறீர்கள் என்று சொல்லிவிட்டே செய்யுங்கள்.

11. இப்போது கேட்கலாம்

எல்லாம் முடிந்த பிறகு, கடைசி இருபது நிமிடத்தில், அந்தக் கேள்வி. சரியா, தவறா? கை தூக்கச் சொல்லாதீர்கள். பக்கத்துக் கையைப் பார்த்துத்தான் தூக்குவார்கள். ஒரு தாளில் எழுதட்டும்: என் முடிவு, அதற்கு எதிரான மிக வலுவான வாதம், எந்தத் தகவல் கிடைத்தால் முடிவை மாற்றிக்கொள்வேன். மூன்றாவது வரியை எழுதத்தான் பேனா நிற்கும். நிற்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

தாள்களை வாங்காதீர்கள். வாங்கினால் உங்களுக்காக எழுதுவார்கள். உங்கள் கருத்தைக் கேட்டால் சொல்லலாம், ஆனால் அவர்கள் எழுதி முடித்த பிறகு, காரணத்தோடு.

கிளம்பும்போது பலகையை அழித்துவிடுங்கள். ஒருமுறை மறந்துபோனேன். மறுநாள் காலை பேப்பர் படிக்க வந்த பெரியவர்கள் "கலெக்டரைச் சுட்டது: காரணங்கள் 1, 2, 3" என்று பார்த்துவிட்டு நூலகருக்குப் போன் போட்டுவிட்டார்கள்.